நீர்விழுங்கியை எழுதியவர்

தவமலர் அக்கா இறந்த செய்தி எனக்கு ஒரு துண்டுப்பிரசுரமாக வந்தது. வவுனியாச் சந்தையில் மரக்கறி வாங்கிக்கொண்டு நின்றபோது யாரோ ஒருவர் கையில் திணித்துவிட்டுப் போனார். கறுப்புக் கரை, குத்துவிளக்குப் படம், நடுவில் மங்கலாக ஒரு முகம். சிறுநீரக வருத்தம் முற்றிவிட்டது என்று தெரியும். அண்மையில்தான் போய்ப் பார்த்துவிட்டும் வந்திருந்தேன். என்றாலும் அந்தத் தாளில் அவர் முகத்தைக் கண்டதும் தக்காளிக் கூடைக்குப் பக்கத்தில் நின்றபடியே அழுதேன். பிறகு அடியில் இருந்த பெயரைப் பார்த்தேன். அழுகை நின்றுவிட்டது.

“எமது மண் ஈன்ற கலைச்செல்வியின் பிரிவால் துயருறும்” என்று எழுதி அந்த மனிதர் தன் பெயரைப் போட்டிருந்தார். பெயருக்கு முன்னால் பட்டம், பின்னால் பதவிகள்.

ஆகவே இதை நான் துக்கத்தில் எழுதவில்லை. துக்கம் வீட்டில் இருக்கிறது. அது எனக்கும் அவருடைய உறவினருக்கும் உரியது. இதை அவரை அறிந்த உங்களுக்காக எழுதுகிறேன். கிளிநொச்சியில் எங்களோடு ஒரே கந்தோரில் வேலை செய்தவர்கள், சனசமூக நிலையங்களில் அவருடைய விளையாட்டில் வந்து உட்கார்ந்தவர்கள், அவருடைய கிராமத்தவர்கள் எல்லோருக்கும். செத்தவீட்டில், இந்தப் பக்கம் வந்து சேர்ந்திருந்த நீங்கள் நன்றாக அழுதீர்கள். சங்கக் கட்டடத்தில் அன்றைக்குக் கை தட்டியவர்களும் அந்த அழுகைக்குள் இருந்தார்கள். எனக்கு முகங்கள் தெரியும்.

அந்த மனிதரின் பெயரை எழுதமாட்டேன். கிராமத்தின் பெயரையும் எழுதமாட்டேன். பயத்தால் அல்ல, அக்காவின் விதி அது. “பேர் போட்டால் அந்த ஆளுக்கு மட்டும்தான் அடி விழும். போடாட்டில் அவரை மாதிரி இருக்கிற எல்லாருக்கும் விழும்” என்பார்.

சமாதான காலத்தில், கிளிநொச்சிக்குப் போகும் பாதை திறந்திருந்த அந்த முதல் வருடங்களில், நாங்கள் ஒரு நீர்ப்பாசனத் திட்டத்தின் கந்தோரில் வேலை செய்தோம். நான் எழுதுவினைஞர். அக்கா படவரைஞர், வாய்க்கால்களையும் மதகுகளையும் தாளில் வரைவார். தடித்த கண்ணாடி, இறுக்கிப் பின்னிய தலை, யாருக்கும் இரவல் கொடுக்காத பென்சில். கலியாணம் செய்யவில்லை. ஏன் என்று ஒரு பொறியியலாளர் பகிடியாகக் கேட்டபோது, “நீங்கள் கட்டின வாய்க்கால் மாதிரித்தான் தம்பி, அளவு சரிவரேல்லை” என்றார். அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை ஒருவரும் கேட்கவில்லை.

அந்த விளையாட்டு அவரிடம் வந்தது ரொறன்ரோவிலிருந்து. பெரியம்மாவின் மகள் குடும்பத்தோடு ஊர் பார்க்க வந்தார். பல்கலைக்கழகத்தில் படிக்கும் அவருடைய மகளுக்கு மின்சாரமில்லாத வீட்டில் பொழுது போகவில்லை. பையிலிருந்து பல முகங்கள் கொண்ட தாயக்கட்டைகளை எடுத்து அக்காவுக்கு அந்த விளையாட்டைச் சொல்லிக் கொடுத்தாள். மேசையைச் சுற்றி நாலு பேர் உட்கார வேண்டும். ஆளுக்கொரு பாத்திரம்: வாள்வீரன், மந்திரக்காரி, கள்ளன். ஒருவர் கதையை நடத்துவார். “கதவு பூட்டியிருக்கு, என்ன செய்யிறீங்கள்?” என்று அவர் கேட்க, விளையாடுபவர்கள் தம் பாத்திரம் செய்வதைச் சொல்வார்கள். செய்தது பலிக்குமா என்பதை இருபது முகக் கட்டை முடிவு செய்யும். பூதங்களும் அரக்கர்களும் உள்ள மாய நாட்டில் கதை நடக்கும். பிள்ளை போகும்போது கட்டைகளை அக்காவிடமே விட்டுவிட்டுப் போனாள்.

கதையை நடத்துபவருக்கு அக்கா வைத்த பெயர் ‘கொண்டக்டர்’. “ஏத்திறதும் இறக்கிறதும் என்ர வேலை. எங்க இறங்கிறதெண்டு நீங்கள்தான் சொல்லோணும்” என்று முதல் நாளே எங்களுக்கு விளக்கினார். யாரோ எழுதிய கதையை நடத்த அவருக்கு விருப்பமில்லை. தானே ஒன்றை எழுதினார். எழுதுவதற்கு அவருக்கு ஒரு காரணம் இருந்தது. அது அப்போது எங்களுக்குத் தெரியாது.

முதல் ஆட்டம் அவருடைய வீட்டு விறாந்தையில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் நடந்தது. நாங்கள் நாலு பேர்: நில அளவையாளர் அன்ரன், தட்டச்சாளர் வசந்தி, கந்தோர் வாகனம் ஓட்டும் கனகு அண்ணை, நான். கதை நடப்பது ஏழு வாய்க்கால் நாட்டில். அங்கே கடல் போல ஒரு குளம். அதன் அடியில் ஒரு பூதம் உறங்குகிறது. மதகைத் திறக்கும் வெண்கலக் கைபிடி களவு போய்விட்டது, வயல்கள் காய்கின்றன. களவெடுத்தவனைக் கண்டுபிடிக்க அரசி அனுப்பிய நால்வர்தான் நாங்கள். அன்ரன் வாள்வீரன். வசந்தி மருந்துக்காரி. கனகு அண்ணை பூட்டுடைக்கும் கள்ளன். நான் உடுக்கடித்துப் பேயை மயக்கும் கண் தெரியாத பெண்.

எங்களுக்கு அந்தப் பின்னேரம் தேனாக இனித்தது. பேசும் முதலை ஒன்று வந்தது. பாதி நேரம் அதோடு கதைத்தே போனது. குளக்கட்டில் விரால் பிடித்துத் திரியும் நீலன் என்ற இளைஞன் ஒருவன் வந்தான். கேள்வி கேட்டால் திக்கினான். அவனுடைய கொட்டிலில் கைபிடி கிடந்தது. அன்ரன் துள்ளி எழுந்து, “பிடிச்சிட்டம்!” என்று கத்தினார். அவரும் வசந்தியும் கனகு அண்ணையும் சேர்ந்து நீலனைக் கட்டி இழுத்துப்போய் அரசியின் முன்னால் போட்டார்கள். என் பாத்திரம் அதற்கு முன்பே கிணற்றுக்குள் விழுந்து கிடந்ததால் என்னிடம் யாரும் கேட்கவில்லை. நீலனைப் பூதத்துக்குப் பலி கொடுக்கலாம் என்று தீர்ப்பாயிற்று. எல்லோரும் கை தட்டினோம்.

அக்கா கட்டைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மேசையில் வரிசையாக வைத்தார்.

“சரி, நீலனைக் குளத்தில எறிஞ்சாச்சு. அவன் எடுக்கேல்லை. எடுத்தவர் அரசிக்குப் பக்கத்தில இருந்த ஊர்ப்பெரியவர். உங்களுக்கு நன்றி சொல்லிப் பொன்னாடை போர்த்தினாரே, அவர்தான்.”

அன்ரன் சிரித்தார். “அது எங்களுக்கு எப்பிடியக்கா தெரியும்?”

“நீலன்தான் எடுத்தவன் எண்டு மட்டும் எப்பிடித் தெரிஞ்சது?”

“ஏழை. இருட்டில குளக்கட்டில திரியிறவன். கேட்டால் திக்குறான். கைபிடியும் அவன்ர கொட்டிலிலதானே கிடந்தது.”

“திக்குறது சாட்சியோ?”

“சாட்சி இல்லைத்தான். ஆனா வேற ஒருத்தரையும் நீங்கள் எங்களுக்குக் காட்டேல்லையே. அந்தப் பெரியவரில சந்தேகப்பட எங்களுக்கு என்ன இருந்தது?”

அக்கா எழுந்து குசினிக்குள் போனார். தேத்தண்ணி போடப் போனவர் வர வெகுநேரமாயிற்று. வந்தபோது தேத்தண்ணி ஆறியிருந்தது. கண்ணாடி இல்லாமல் வந்தார்.

திரும்பும் வழியில் கனகு அண்ணை வாகனத்தை வீதியோரமாக நிறுத்தினார். அவர் அக்காவின் கிராமத்தவர். கிழக்குப் பக்கக் குடியேற்றத் திட்டமொன்றில் இருவரின் குடும்பத்துக்கும் ஒரே வாய்க்காலில் வயல். “எனக்கே விளங்கேல்லை, தங்கச்சி” என்றார். “நான் சீலனை ரெண்டாந்தரமும் கட்டிப்போட்டன்.”

சீலன் அக்காவின் ஒரே தம்பி. திக்குவாய். குளக்கட்டில் விரால் பிடிப்பான். மீளக் குடியேறிய பின் வந்த சிறுபோகத்தில் அந்தக் கிராமத்துக் குளத்தின் மதகுக் கைபிடி காணாமற் போனது. வாய்க்காலின் கடைக்கோடி வயல்கள் கதிர் வெளிவரமுன்னே குடலையோடு கருகின. ஆனால் கமக்காரர் சங்கத் தலைவரின் வயலும் அவருடைய மைத்துனனின் வயலும் கருகவில்லை. எப்படி என்று ஒருவரும் கேட்கவில்லை. தலைவர் நேரே சீலனின் கொட்டிலுக்குப் போய், கைபிடியோடு வெளியே வந்தார். சங்கக் கட்டடத்தில் கூட்டம் கூட்டி, தன் சால்வையாலேயே சீலனின் கையைத் தூணோடு கட்டினார். “என்னத்துக்கு எடுத்தனீ, சொல்லு!” என்றார். சீலன் வாயைத் திறந்தான். முதல் எழுத்தே வரவில்லை. சனம் சிரித்தது. பிறகு கை தட்டியது. அந்தக் கிழமையே அவன் மன்னாருக்குப் போய், அங்கிருந்து படகேறி இந்தியாவில் ஒரு முகாமுக்குப் போய்விட்டான்.

“நீங்கள் அண்டைக்கு அங்க நிண்டனீங்களோ, அண்ணை?” என்று கேட்டேன்.

“நிண்டனான்” என்றார். வாகனத்தை எடுத்தார்.

அடுத்த மாதம் அக்கா இரண்டாம் வடிவத்தைக் கொண்டுவந்தார். அது முழுக் கோபம். ஊர்ப்பெரியவருக்குக் கொம்பு முளைத்திருந்தது. நீலனைத் தொடப் போனால் கை சுட்டது. வேறு வழியில் போக நினைத்தால் கதவுகள் தாமாகவே பூட்டிக்கொண்டன. கட்டையில் என்ன விழுந்தாலும் கடைசியில் நாங்கள் பெரியவரின் தலையைத்தான் வெட்ட வேண்டியிருந்தது. வெட்டினோம். வசந்தி கொட்டாவி விட்டாள்.

அன்ரனுக்குப் பொறுக்கவில்லை. “அக்கா, கோவிக்கப்படாது. கொண்டக்டர் எண்டு சொல்லிப்போட்டு எங்களை ஆசனத்தோட கட்டிவைச்சு நீங்களே பஸ்ஸை ஓட்டுறீங்கள். இறங்கவும் விடுறீங்கள் இல்லை.”

“அவனைத் தப்ப விடச் சொல்லுறீரோ?”

“இல்லை. நாங்கள் பிடிக்கோணும். நீங்கள் பிடிச்சுத் தந்தால் அது எங்கட பிடி இல்லை.”

அக்கா இரண்டு கிழமை அன்ரனோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. வாய்க்கால் வரைபடங்களைக்கூட என்னிடம் கொடுத்துத்தான் அவருக்கு அனுப்பினார். பிறகு ஒரு மத்தியானம் சாப்பாட்டுப் பெட்டியோடு அன்ரனின் மேசைக்கு வந்து உட்கார்ந்தார். “நீர் சொன்னது சரி” என்றார். “நான் பழி வாங்கினால் அது என்ர கோபம். நீங்களாக் கேட்டுக் கண்டுபிடிச்சால் அது ஊரின்ர கோபம். எனக்கு ஊரின்ர கோபம் வேணும்.”

அக்காவை நல்லவர், அமைதியானவர், பொறுமைசாலி என்று இப்போது சொல்லித் திரிகிறவர்கள் அந்த வார்த்தைகளைக் கவனிக்கட்டும். அவர் அமைதியாக இருந்தது உண்மை. குறி பார்க்கிறவர்கள் அமைதியாகத்தான் இருப்பார்கள்.

மூன்றாம் வடிவம் எழுத அவருக்கு மாதங்கள் பிடித்தன. முதலில் முதலையை வெட்டினார். நாங்கள் எல்லோரும் கெஞ்சினோம். “முதலை நல்லா இருக்கு, அதாலதான் வெட்டுறன். அதோட கதைச்சுக்கொண்டு இருந்தால் நீங்கள் ஒருத்தரையும் விசாரிக்கமாட்டியள்” என்றார். பெரியவரின் கொம்பை எடுத்துவிட்டு, அவரைச் சிரித்த முகத்தோடு எல்லா விழாவிலும் விளக்கேற்ற வைத்தார். ஒரேயொரு அடையாளம் மட்டும் விட்டார்: அவர் நடக்கும்போது வயிற்றுக்குள் ‘சளக், சளக்’ என்று தண்ணீர் ஆடும். நீலனின் திக்குவாயை மாற்றவில்லை, கைபிடியையும் அவனுடைய கொட்டிலிலேயே வைத்தார். ஆனால் அதைக் கண்டெடுக்கும் வேலையை எங்களிடமிருந்து பிடுங்கிப் பெரியவரிடம் கொடுத்துவிட்டார். இந்த முறை நாங்கள் பார்த்துக்கொண்டு நிற்க, பெரியவரே உள்ளே போய்க் கைபிடியோடு வெளியே வந்தார். அக்கா வேறொன்றும் செய்யவில்லை. எங்களை விட்டுவிட்டுக் காத்திருந்தார்.

அன்ரன் வழக்கம்போல நீலனைக் கட்டக் கயிறு எடுத்தார். வசந்தி அவருடைய கையைப் பிடித்தாள். “கொஞ்சம் பொறுங்கோ. தேடின ஆக்கள் எல்லாரும் குளத்துக்குள்ள தேடினவை. இவர் மட்டும் ஏன் நேர கொட்டிலுக்குப் போனவர்? அங்க இருக்கெண்டு இவருக்கு ஆர் சொன்னது?”

அக்கா பென்சிலை மேசையில் வைத்தார். கனகு அண்ணை மேசையில் ஓங்கி அடித்தார். “எட, நீர்விழுங்கி! எல்லாத் தண்ணியையும் நீயோடா குடிச்சனீ!” என்றார். பெயர் வந்தது அப்படித்தான். அதுவரை அந்தக் கதைக்குத் தலைப்பு இருக்கவில்லை.

நாங்கள் பெரியவரை விரட்டிப் பிடிக்க இருட்டிவிட்டது. பூதத்தை எழுப்பியது என் உடுக்கு. சனிக்கிழமைப் பின்னேரங்களில் நான் அவ்வளவு மகிழ்ச்சியாக இருந்தது வேறெப்போதும் இல்லை.

பிறகு அது பரவியது. கந்தோரின் ரோனியோ இயந்திரத்தில் நாங்கள் கதையைப் படியெடுத்தோம். ஸ்கந்தபுரத்தில் இளைஞர் கழகம் ஒன்று கேட்டது. பளையில் அன்ரனின் தங்கை நடத்தினாள். தருமபுரத்தில் அக்காவே போய் வாரக்கணக்காக நடத்தினார். அங்கேதான் பூரணமக்கா வந்து சேர்ந்தார். அக்காவின் கிராமத்தில், வாய்க்காலின் கடைக்கோடியில் வயல் செய்த விதவை அவர். தருமபுரத்தில் மகள் வீட்டுக்கு வந்தவர், சும்மா எட்டிப்பார்த்து, வாள் வேண்டும் என்று கேட்டு உட்கார்ந்துவிட்டார். ஆட்டம் முடிந்த பிறகும் எழும்பவில்லை. “பிள்ளை, இது எங்கட குளம்தானே?” என்று கேட்டார். அக்கா, “இது மாய நாடு, பூரணமக்கா” என்றார். பூரணமக்கா தலையை ஆட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார். கூடப் போயிருந்த எனக்கு அந்தத் தலையாட்டலே போதுமாக இருந்தது.

கதை கிராமத்துக்கும் போய்ச் சேர்ந்து, சில மாதங்களில் தலைவரால் கடைத்தெருவில் நடக்க முடியாமற் போனது. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் போகும்போது மீன்காரப் பெண் ஒருத்தி வாளித் தண்ணீரைக் கையால் அளைவாள். சளக், சளக். தேத்தண்ணிக் கடையில் அவர் தண்ணீர் கேட்டால், கடைக்காரர் பெரிய செம்பு நிறையக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நிற்பார். நானும் ஒருமுறை கண்டேன். அவர் செம்பைத் தொடாமல் எழுந்து போனார். எனக்கு அது போதவில்லை. இன்னும் வேண்டும் போலிருந்தது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ஒருநாள் அவர் கந்தோருக்கே வந்தார். வெள்ளை வேட்டி, சால்வை. அக்காவின் மேசைக்கு முன்னால் இருந்த கதிரையில் கேட்காமலே உட்கார்ந்தார்.

“தங்கச்சி, நீர் ஏதோ விளையாட்டு எழுதினதாம். அதில என்னைப் பற்றி எழுதியிருக்கிறீராம்.”

அக்கா வரைந்துகொண்டிருந்த கோட்டை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். “உங்கட பேர் அதில இருக்கோ, ஐயா?”

“பேர் இல்லை.”

“ஊர்ப்பேர்?”

“அதுவும் இல்லை. ஆனா சனம் கதைக்குது.”

“தண்ணியைக் களவாக் குடிச்சிட்டு ஒரு அப்பாவியைக் கட்டிவைச்ச ஒரு அரக்கனைப் பற்றித்தான் எழுதினனான். அதுக்கு நீங்கள் ஏன் ஐயா வந்தனீங்கள்?”

கந்தோரில் தட்டச்சுச் சத்தம் நின்றுவிட்டது. அவருடைய முகம் கறுத்தது. குரலைத் தாழ்த்தி, “கதையை மாத்தும். தம்பியைக் கூப்பிட ஏதும் வேணுமெண்டால் நான் செய்து தாறன்” என்றார்.

“மாத்திறன். அண்டைக்கு நிண்ட அதே இடத்தில நிண்டு, அண்டைக்குச் சொன்ன அதே சத்தத்தில, ‘நான் சொன்னது பொய்’ எண்டு சொல்லுங்கோ. அடுத்த நாளே மாத்திறன்.”

அவர் எழுந்து போனார். படலை வரை போகும் அவரை நாங்கள் எல்லோரும் யன்னலால் பார்த்தோம். அக்கா பார்க்கவில்லை. பென்சிலைச் சீவிக்கொண்டே என்னிடம் சொன்னார்: “வந்ததும் நல்லதாப் போச்சு. மூண்டாம் பாகத்தில ஒரு காட்சி குறைஞ்சுகொண்டிருந்தது.” அந்தக் கிழமையே அதை எழுதிச் சேர்த்தார். நீர்விழுங்கி வீரர்களின் கூடாரத்துக்குத் தானாகவே வந்து, தன்னைப் பற்றி ஊர் பாடும் பாட்டை நிறுத்தித் தரும்படி கேட்கும் காட்சி. நடத்திய இடமெல்லாம் அதற்குத்தான் பெரிய சிரிப்பு.

அந்த வருடத்துச் சங்கப் பொதுக்கூட்டத்துக்குக் கனகு அண்ணை என்னையும் கூட்டிப்போனார். அக்கா வர மறுத்துவிட்டார். “நான் அங்க நிண்டால் அக்காக்காரி சொல்லித்தான் கேக்கினம் எண்டுவினம்” என்றார். தலைவர் வரவேற்புரை சொல்லி முடித்ததும் பூரணமக்கா எழும்பினார். சீலையின் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, சாவதானமாகக் கேட்டார்: “ஐயா, ஒரு சின்னக் கேள்வி. அண்டைக்கு எல்லாரும் குளத்துக்குள்ள தேடினம். கைபிடி சீலன்ர கொட்டிலில கிடக்கெண்டு உங்களுக்கு மட்டும் ஆர் சொன்னது?”

தலைவர் வாயைத் திறந்தார். எழுத்து வரவில்லை. யாரோ சொன்னதாக ஒரு பெயரைச் சொன்னார். அந்த ஆள் கூட்டத்திலேயே இருந்தார். எழும்பி, “நான் சொல்லேல்லை” என்றார். மைத்துனனின் பக்கம் எல்லோரும் திரும்பினார்கள். மைத்துனன் பின்வாசலால் போய்விட்டிருந்தான். பின்வரிசையில் யாரோ ‘சளக்’ என்றார்கள். கூட்டம் முழுவதும் சிரித்தது. அது அன்றைக்குச் சீலனைப் பார்த்துச் சிரித்த அதே சனம்தான் என்பதை நான் மறக்கவில்லை. அந்தச் சிரிப்பையும் நான் முழுதாக நம்பவில்லை. ஆனாலும் அவர் தலையைக் குனிந்துகொண்டு கதிரையை விட்டு எழுந்தபோது என் நெஞ்சு குளிர்ந்தது. தலைமை அன்றோடு போயிற்று. சில மாதங்களில் வவுனியாவுக்கே குடிபெயர்ந்துவிட்டார்.

‘நான் சொன்னது பொய்’ என்று அவர் கடைசி வரை சொல்லவில்லை.

அக்கா தொலைத்தொடர்பு நிலையத்திலிருந்து சீலனுக்குக் கதைத்தபோது நான் கூட நின்றேன். நடந்ததெல்லாம் சொன்னார். “அ... அழுதவரோ?” என்று அவன் கேட்டானாம். இல்லை என்றார் அக்கா. “அப்ப எனக்கு அந்தப் பக்கம் வேண்டாம், அக்கா” என்று சொல்லி வைத்துவிட்டான். அக்கா வெளியே வந்து சைக்கிளின் கைபிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். “என்ர தம்பியை ஊரால அனுப்பினது ஒரு நிமிசம். திருப்பிக் கூப்பிட எத்தினை தரம் எழுதினாலும் காணாது போல” என்றார். ஊர் திருந்திவிட்டது, நியாயம் கிடைத்துவிட்டது என்று கதைக்கிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கட்டும். சீலன் இன்னும் வரவில்லை.

அதற்குப் பிறகு மன்னிப்பைப் பற்றிச் சொல்ல ஆட்கள் வரிசையாக வந்தார்கள். பதவி போய்விட்டது, ஊரை விட்டும் போய்விட்டார், இனியாவது விட்டுவிடுங்கோ என்றார்கள். கோயில் தர்மகர்த்தா ஒருவர் வீட்டுக்கே வந்து, மன்னிக்கிறவர்தான் பெரியவர் என்று உபதேசித்தார். அக்கா அவருக்குத் தேத்தண்ணி கொடுத்துவிட்டுக் கேட்டார்: “மன்னிப்புக் கேட்டால்தானே ஐயா, குடுக்கிறதோ இல்லையோ எண்டு யோசிக்கலாம். கேக்காத ஆளுக்கு அதை எங்க கொண்டுபோய்க் குடுக்கிறது? படலைக்கு வெளியால வைச்சிட்டு வரவோ?” தர்மகர்த்தா தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்.

சண்டை மறுபடி தொடங்கிப் பாதை மீண்டும் பூட்டியபோது நான் வவுனியாப் பக்கம் அகப்பட்டுக்கொண்டேன். அக்கா கிளிநொச்சியிலேயே இருந்தார். அன்ரன் எங்கே என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இந்த வருடம் நோயாளர்களோடு அக்காவை இந்தப் பக்கம் கொண்டுவந்தார்கள். ஓர் உறவினர் வீட்டின் முன்னறையில் படுத்திருந்தார். கால்கள் வீங்கி, முகம் சிறுத்து, கண்ணாடி மட்டும் பெரிதாகத் தெரிந்தது. அந்த மனிதர் இதே பட்டணத்தில் அரிசி ஆலை வைத்து மறுபடியும் விழாக்களில் விளக்கேற்றத் தொடங்கிவிட்டார் என்பதை நான் சொல்லவில்லை. அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

“கடைசிப் பக்கத்தை மாத்தோணும், சுகந்தி” என்றார்.

கதையின் முடிவில் நீர்விழுங்கியை என்ன செய்வது என்பதை அக்கா எப்போதும் விளையாடுபவர்களிடமே விட்டிருந்தார். பலர் தலையை வெட்டினார்கள். சிலர் பூதத்துக்குக் கொடுத்தார்கள்.

“அவனைக் கொல்லேலாது எண்டு எழுதிவிடும்.”

நான் திகைத்துப்போனேன். “மன்னிச்சிட்டீங்களோ, அக்கா?”

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க வெகுநேரம் பிடித்தது. “விசரோ உமக்கு? செத்தவனை ஆர் கேள்வி கேக்கிறது? அவன் இருக்கோணும். எந்த ஊருக்குப் போனாலும் தண்ணி குடிக்கேக்க ஆரோ ஒருத்தர் பாத்துக்கொண்டு நிக்கோணும்.”

அதற்குப் பிறகு நாங்கள் வேறு கதைத்தோம். வசந்தியின் பிள்ளையைப் பற்றி, கனகு அண்ணையின் முழங்கால் நோவைப் பற்றி. நான் எழும்பிப் போகும்போது அவர் என் கையைப் பிடிக்கவில்லை, கண் கலங்கவில்லை. “எழுத்துப்பிழை பாத்து எழுதும்” என்றார். அவர் என்னோடு பேசிய கடைசி வார்த்தை அதுதான்.

எழுத்துப்பிழை பார்த்தே எழுதியிருக்கிறேன், அக்கா. கடைசிப் பக்கம் நீங்கள் சொன்னபடி இருக்கிறது. இங்கேயும் ஒரு மேசையும் நாலு பேரும் கிடைத்திருக்கிறார்கள். ஆலைக்குப் பக்கத்துத் தெருவில்தான்.

உங்களிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அன்பையோ பொறுமையையோ அல்ல. அவை உங்களிடம் அளவாகத்தான் இருந்தன. நான் எடுத்துக்கொண்டது உங்கள் மன்னிக்காத மனத்தை. அதை ஆற விடாமலும் கண்டபடி எறியாமலும், உரிய ஆளின் நெஞ்சில் போய்த் தைக்கும் வரை திருத்தித் திருத்தி எழுதிய அந்தப் பிடிவாதத்தை. அக்காக்காரி சொல்கிறாள் என்று ஊர் தள்ளிவிடும் என்பதற்காக, நீங்கள் ஒரு மேடையிலும் ஒரு தாளிலும் சொல்லாமலே போன ஒரு வசனம் இருக்கிறது. நான் உங்களுக்கு உறவில்லை. ஆகவே அதை அச்சில் நானே எழுதுகிறேன்.

சீலன் கள்ளன் இல்லை.